எதிர்வீட்டம்மாவின் பயம்

வளையல், மோதிரம், கைக்கடிகாரம், கடைசியாகக் கழுத்திலிருந்த தாலிக்கொடி. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு, டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு, எங்கள் எதிர்வீட்டம்மா தன்னுடைய காரின் பானெட்டைத் தூக்கினார். ஹூஸ்டனில் ஆகஸ்ட் மாதம், காலையிலேயே தார் இளகுகிற வெயில். ஜன்னல் வழியாகப் பார்த்த நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ரோட்டைத் தாண்டி ஓடினேன். அவருடைய வீட்டுக்காரர் கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை செய்பவர். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அன்றைக்குக் கடல்.

"ஏம்மா, என்ன காரியம் பண்றீங்க? அவரு தண்ணி மேல நிக்கறாரு. நீங்க இதைக் கழட்டலாமா?"

அந்தம்மா ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டே, "பயமா இருக்கு அங்கிள்" என்றார்.

"பயமா இருந்தா எதுக்குங் கழட்டறீங்க?"

"குனியும்போது கொடி தொங்கி பேட்டரியோட ரெண்டு முனையிலயும் பட்டுச்சுன்னா கழுத்தோட வெந்துடும். நான் சொன்னது அந்தப் பயம்." பிறகு சிரித்தார். "அவருக்கு போன்ல சொல்லிட்டுத்தான் கழட்டினேன். 'கழட்டியாச்சா, கழட்டியாச்சா'ன்னு அவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு."

நான் விடவில்லை. "ஏம்மா, நான் லாரி பேட்டரி தூக்குனவன். வெறுங்கை. இடுப்புல வெள்ளி அரைஞாண். என்ன ஆச்சு? கல்லு மாதிரி நிக்கறேன்."

"அது உங்க அதிர்ஷ்டம் அங்கிள். எனக்கு அதிர்ஷ்டத்தை நம்பப் பயமா இருக்கு."

நான் சொன்னது பொய்யில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சங்ககிரியில் லாரி பேட்டரிக் கடையில் ஆசிட் பட்டுச் சட்டையெல்லாம் சல்லடையாக வளர்ந்தேன். அங்கேயிருந்து தோசைக்கல்லுக்குப் போனேன். தோசைக்கல் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோனது, சென்னை என்னை ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவுக்குத் தோசை மாஸ்டராக அனுப்பியது. அதே தெருவில் பிறகு என் பெயர் போட்ட போர்டு ஏறியது. யாரும் கைதூக்கி விடவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்றால், நான் வாயைத் திறந்ததும் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அதனால்தான் அந்தம்மாவின் அந்த ஒரு சொல் எனக்கு ஆகவே ஆகாது. பயமா இருக்கு. பெரிய மனுஷி, படித்தவர், பள்ளிக்கூட ஆபீசில் உத்தியோகம். குழந்தை மாதிரி எப்படி இதைச் சொல்ல வருகிறது?

ஆனால் சொல்வார். எங்கேயும் சொல்வார். பொங்கல் விழாவில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி மைக்கைப் பிடித்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "எனக்குப் பயமா இருக்கு." கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டார். அப்புறம் இங்கே பிறந்த குழந்தைகளுக்கு எந்தத் தமிழைச் சொல்லித்தருவது என்று பேசினார். யாரும் போனைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நான் பேசினேன். சாப்பாடு என் கடைச் சாப்பாடு என்பதால் என்னைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. சங்ககிரியில் ஆரம்பித்து ஹில்கிராஃப்ட் வரைக்கும் வந்தேன். வேட்டிக்குள்ளே முழங்கால் இரண்டும் தந்தியடித்தது யாருக்குத் தெரியும்?

புயல் வருகிறது என்று டிவியில் சிவப்பு வட்டம் காட்டினபோதும் அப்படித்தான். தெருக்காரர்கள் எல்லோரும் என் கராஜில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். "ஹூஸ்டன்காரன் புயலுக்கு ஓடுவானா?" என்று நான் ஆரம்பித்தேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு. ஆஸ்டின்ல தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன்." கிளம்பியே விட்டார். புயல் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. அவர் திரும்பி வந்ததும் நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, புயல் உங்களைத் தேடிட்டு ஆஸ்டினுக்கு வந்துச்சா?"

"வரல அங்கிள். தங்கச்சி மீன்குழம்பு வெச்சா. பயந்ததுல அதுதான் லாபம்."

தெருவே சிரித்தது. காற்று கொஞ்சம் வேகமெடுத்தபோது நான் துணி அலமாரிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை என் மனைவி யாரிடமும் சொல்லவில்லை. அவள் நல்லவள்.

கடையை விட்டு நான் ஒதுங்கிக்கொண்ட பிறகு என்னிடம் மிச்சமிருந்தது என் வெள்ளைக் கார்தான். மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள், காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். இந்த ஊரில் கார் இல்லாதவன் வீட்டுக்குள் கிடக்கிற சாமான். அந்தக் கார் ஒருநாள் சாவியைத் திருப்பினால் டக்டக்கென்றுவிட்டுப் படுத்துவிட்டது. மகன் ஆபீஸிலிருந்து போனில், "ஆள் அனுப்பறேன்பா" என்றான். "எவனும் வேண்டாம். நான் பேட்டரிக்காரன்" என்றேன். பழையதின் அளவைச் சொல்லிப் புதுசு ஒன்றை வரவழைத்தும் விட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எங்கள் காலத்து லாரியில் பேட்டரி பெட்டி மாதிரி வெளியே உட்கார்ந்திருக்கும். இதில் எதை எடுத்தால் எது வரும் என்றே தெரியாமல் மூடி மேல் மூடி. முனைகளில் வேறு பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அந்தம்மா வந்தார். கையில் டம்ளரும் ஸ்பேனரும் இருந்தன.

"நான் உதவட்டுமா அங்கிள்?"

"சும்மா பக்கத்துல நில்லுங்கம்மா. நான் பார்த்துக்கறேன்."

அவர் தன் நகைகளை டம்ளருக்குள் போட்டார். டம்ளரை என் பக்கம் நீட்டினார். என் விரலைப் பார்த்தார். முதல் கடை திறந்த வருஷம் நானே எனக்கு வாங்கிப் போட்டுக்கொண்ட நவரத்தின மோதிரம்.

"இது ராசி மோதிரம்மா. கழட்டறதில்ல."

உண்மையில் அது கழலாது. விரல் தடித்து, மோதிரம் சதைக்குள் போய் வெகு காலமாயிற்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கம். அந்தம்மா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சூட்டில் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நீங்க மோதிரத்தோட கிட்ட இருந்தா நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

"அட, ஒண்ணும் ஆகாதுங்கறேன்!"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. புல்லு மேல தள்ளி நில்லுங்க அங்கிள்."

நின்றேன். என் வீட்டு வாசலில், என் காருக்கு முன்னால், பேட்டரிக்கடையில் வளர்ந்த நான், தப்புச் செய்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி புல்தரையில் நின்றேன். அந்தம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டார். சாவி காரில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். முதலில் மைனஸ் முனையைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி, பேட்டரியைத் தொடாதபடி ஒதுக்கினார். அப்புறம்தான் பிளஸ். ஸ்பேனர் மறந்தும் இரண்டு முனைக்கும் பாலம் போடாமல் பார்த்துப் பார்த்துத் திருப்பினார். பேட்டரியை அழுத்திப் பிடிக்கிற பட்டையைக் கழற்றி, முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்கி, தரையில் நேராக வைத்தார். பக்கவாட்டில் சாய்க்கவே இல்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் ஆப்பசோடா கொண்டு வாங்களேன்!"

என் மனைவி கொண்டு வந்தாள். சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் காரின் கம்பி முனைகளில் தேய்த்தார். பச்சையும் வெள்ளையும் நுரைத்துப் பொங்கி அடங்கின. நாற்பது வருஷமாகச் சோடாவைக் கையாண்டவன், அது இதற்கும் ஆகும் என்று புல்தரையில் நின்று தெரிந்துகொண்டேன். புதுசை உள்ளே வைக்கும்போது பிளஸ் முனை பழையது இருந்த பக்கமே இருக்கிறதா என்று பார்த்தார். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி.

இதற்குள் என் மனைவி உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். குங்குமம், ஒரு பூ, கற்பூரம். புதுசு எதற்குமே சூடம் காட்டாமல் எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஃப்ரிட்ஜுக்குக்கூடக் காட்டியிருக்கிறோம். தட்டைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. இது என் வேலை. நான் புல்தரையை விட்டு வந்து லைட்டரைப் பானெட்டுக்கு நேராகப் பிடித்தேன்.

"ஐயோ அங்கிள், வேண்டாம்!" அந்தம்மா என் மணிக்கட்டையே பிடித்துவிட்டார். "பேட்டரியிலேர்ந்து கேஸ் வரும். பிடிச்சுக்கிட்டா மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"சாமி காரியத்துல என்னம்மா பயம்?"

"சாமிகிட்ட இல்ல அங்கிள். பயமா இருக்கு, குடுங்க."

என் லைட்டரையும் என் மனைவியின் கையிலிருந்த தட்டையும் வாங்கிக்கொண்டு அவர் நடந்தார். டிரைவ்வேயின் கடைசி வரைக்கும், தபால் பெட்டி வரைக்கும் போய் நின்றார். "ஆன்ட்டி, இங்க வாங்க. இங்கேருந்து காட்டலாம். சாமிக்குத் தூரம் ஒண்ணும் கணக்கில்ல." என் மனைவி சிரித்துக்கொண்டே போனாள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சூடத்தை ஏற்றி, என் காருக்குத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். கடிதம் போட வந்த வெள்ளைக்காரத் தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, என்னமோ ஏதோ என்று தொப்பியைக் கழற்றினார்.

அவர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்ககிரிக் கடையில் சார்ஜ் போடுகிற அறைக்குள் பீடி பற்றவைத்தவனை எங்கள் முதலாளி செருப்பைக் கழற்றி அடித்தார். அடிபட்டவன் எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். எதற்கு அடித்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அத்தனை வருஷம் வாயால் சொன்னதெல்லாம் தூக்கின கதை மட்டும்தான், தெரிந்துகொண்ட கதை இல்லை.

சாயங்காலம் மகன் வந்தான். "ஓகேப்பா. ஆனா நடு ரோட்ல நின்னிருந்தா? உங்க வயசுக்கு இது ரிஸ்க். இன்னொரு தடவை வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா சாவியைக் குடுத்துடணும். ஓகேவா?" ஓகே என்றேன். புது பேட்டரி ஆயிற்றே, என்ன ஆகிவிடப் போகிறது?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டில் நான் தினமும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில் ஃப்ரீவேயில் அரைமணி தூரம். "எட்டு லேன்ல ஒத்தைக் கையில ஓட்டறேன்" என்று மருமகளிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒருநாள், ஃப்ரீவேயில் என் பக்கத்தில் ஒரு பெரிய லாரி வந்து ஒட்டி நின்று ஓடியது. அதன் சக்கரம் என் தலை உயரம். கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. லாரி ஊரில் பிறந்தவன் லாரியைப் பார்த்து உறைந்துபோனேன். அன்றோடு ஃப்ரீவே பக்கம் போகவில்லை. கோயிலுக்கு என்று கிளம்பி, நாலு தெரு தள்ளி இருக்கிற ஏரிப் பூங்காவில் நிறுத்திக்கொண்டு, எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் பாட்டுக் கேட்பேன். நேரமானதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடியில் பார்த்து நெற்றியில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். முட்டி வலியால் என்கூட வராத என் மனைவி அந்த விபூதியில் கொஞ்சம் எடுத்துத் தானும் பூசிக்கொள்வாள். எதிர்வீட்டம்மா நடக்கப் போவதும் அந்தப் பூங்காவுக்குத்தான். ஒன்றிரண்டு தடவை எனக்குக் கையசைத்திருக்கிறார். நானும் அசைத்திருக்கிறேன்.

தீபாவளி முடிந்த ஒரு சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, கார் மறுபடி டக்டக்கென்றது.

"புது பேட்டரிதானே?" என்றான் மகன். "டிஃபெக்டா இருக்கும். இல்லேன்னா வண்டியிலேயே பிராப்ளம். செக் பண்ணிட்டு வித்துடலாம்பா."

நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்தம்மா பேட்டரி பார்க்கிற மீட்டரோடு வந்தார், தன் காரையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு காருக்கும் கம்பி கொடுத்தார். கடைசிக் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல் தள்ளி எஞ்சின் இரும்பில் மாட்டினார். என் கார் உறுமிக் கிளம்பியது. மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி நல்லா இருக்கு. வண்டியும் சார்ஜ் பண்ணுது. காலியா இருந்திருக்கு, அவ்வளவுதான்." என்னைப் பார்த்தார். "எவ்வளவு தூரம் ஓட்டறீங்க அங்கிள்?"

மகன் என்னைப் பார்த்தான்.

"அன்னாடம் கோயிலுக்கும்மா. ஃப்ரீவேல. போக அரைமணி, வர அரைமணி."

அந்தம்மா மீட்டரின் கம்பியை மெதுவாகச் சுற்றினார். சுற்றி முடிக்க வேண்டிய அளவுக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியும், அது எனக்கும் தெரியும். பூங்காவில் நிற்கிற வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவி அப்போதே போயிருக்கும். அவர் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"எனக்கெல்லாம் ஃப்ரீவேல ஏறணும்னாலே இன்னிக்கும் பயமா இருக்கும் அங்கிள்," என்றார். "கை வேர்த்து ஊத்தும். சில நாள் ஏறாமலே உள்தெருவுல சுத்திட்டுப் போயிடுவேன். அப்படிக் குட்டித் தூரமாவே ஓட்டினா பேட்டரி நிரம்பாது. ஸ்டார்ட் பண்ண எடுத்தது எடுத்ததுதான்."

எனக்காகவே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஆமாம்மா, எனக்கும் அப்படித்தான் என்று நான் உள்ளே நுழைந்திருந்தால் போதும். என் வாயோ வேறு வாய். நான் கெக்கெக்கே என்று சிரித்தேன்.

"கேட்டியாடா? பொம்பளைங்க வண்டி ஓட்டற லட்சணத்தை!"

மகன் சிரிக்கவில்லை. "அப்பா!" என்றான். அந்தம்மா மட்டும் லேசாகச் சிரித்தார், என்னைக் காப்பாற்றுகிற மாதிரி. கம்பிகளை எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் நிறுத்தாம ஓட்டுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தன் காரைத் திருப்பினார்.

மகன் நான் சொன்னதை அப்படியே நம்பினான். "சரிப்பா, வாங்க. ஃப்ரீவேல ஒரு ரவுண்டு போய் சார்ஜ் ஏத்திட்டு வரலாம். நீங்களே ஓட்டுங்க, நான் சும்மா உக்காந்துக்கறேன்." என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். சின்னப் பையனாக என்னோடு கடைக்கு வருகிற நாளில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தான்.

ஃப்ரீவேக்குப் பக்கத்திலேயே ஓடுகிற ஃபீடர் ரோட்டில் போனேன். மேலே ஏறுகிற சரிவு வந்தது. சிக்னல் விளக்கைப் போட்டேன். மேலே லாரிகள் ஓடுகிற சத்தம் காருக்குள் வந்தது. நேராகப் போய்விட்டேன்.

"அப்பா, ராம்ப் விட்டுட்டீங்க."

"அடுத்ததுல ஏறலாம்."

அடுத்தது வந்தது. அதையும் விட்டேன். "கண்ணு கூசுது," என்றேன். அவன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். மாட்டிக்கொண்டேன். அதற்கடுத்த சரிவிலும் என் கால் அழுத்தவில்லை. ஒரு கடை வளாகத்துக்குள் திருப்பி நிறுத்தினேன். எஞ்சினை அணைக்க முடியாது, அணைத்தால் மறுபடி கிளம்பாது. அது ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

எதிர்வீட்டம்மா மைக்கில் சொல்கிற வார்த்தை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிற வார்த்தை. தொண்டைக்கு வந்துவிட்டது. "காலு மரத்துப் போச்சுடா," என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் விபூதி இல்லாத என் முகம் அன்றைக்கு அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. நான்தான் இறங்கினேன். அவன் ஃப்ரீவேயில் ஏறி ஓட்டினான். பேட்டரி நிரம்பட்டும் என்று வெகுதூரம் போய்த் திரும்பினான். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது எதிர்வீட்டம்மா வாசலில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வண்டி வருகிற சத்தத்துக்கு நிமிர்ந்தார். ஓட்டுகிற இடத்தில் யார், பக்கத்து இடத்தில் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உடனே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே நனைந்து சொட்டுகிற செடிக்கு மறுபடியும் தண்ணீர் விட ஆரம்பித்தார். நான் இறங்கி, கதவைச் சாத்தி, வாசல் ஏறி, உள்ளே போகிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த கோடையில் வீட்டுக்காரருக்குக் கரையிலேயே வேலை கிடைத்து அவர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். செடிக்குத் தண்ணீர் விட்ட அன்றைக்கு அவர் திரும்பிப் பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பையன் ஓட்டிப் பழகட்டும் என்று விட்டேன்மா என்றிருப்பேன், அவரும் சிரித்திருப்பார். அவர் பார்க்கவில்லை.